முடியுமா என்று எங்களிடமே கேளுங்கள்

திருப்பூர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நாங்கள் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். பெரும்பாலும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். டெய்லர், செக்கிங், பேக்கிங் என்று பல வேலை பார்த்தவர்கள். ஆபரேஷன், கீமோ, கரண்டு வைத்தல் (கதிர்வீச்சுச் சிகிச்சை) எல்லாம் முடிந்து, "இனி வேலைக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகும் எங்களில் பலர் வீட்டில்தான் இருக்கிறோம். எங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை எங்களைக் கேட்காமலே மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். அதை மாற்றத்தான் இந்த வேண்டுகோள்.

எங்களில் ஒரு அக்கா ஓவர்லாக் டெய்லர். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால், பாரம் தூக்கினால் அந்தக் கை வீங்கிவிடும். உட்கார்ந்து தைக்க ஒரு தடையும் இல்லை. வேலை கேட்டுப் போன அன்று சூப்பர்வைசர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "உங்களுக்கு எதுக்குங்கக்கா இந்தக் கஷ்டம், வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வீட்டு வாடகையும் சிகிச்சைக்கு வாங்கிய கடனின் வட்டியும் ரெஸ்ட் எடுப்பதில்லை. துணிப் பண்டலை உதவிக்கு இருக்கும் கைமடிப் பெண் எடுத்துவைத்திருந்தால் அந்த அக்கா அன்றே மெஷினில் உட்கார்ந்திருப்பார்.

முதலாளிகளே, மேனேஜர்களே! நாங்கள் கேட்பது சலுகைச் சம்பளம் இல்லை. முதல் சில மாதம் ஒன்றரை ஷிப்டுக்கு வற்புறுத்தாமல் ஒரு ஷிப்டோடு அனுப்புங்கள். சிகிச்சை முடிந்தாலும் அசதி உடனே விடாது; தூங்கி எழுந்தாலும் தீராத அசதி அது. சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். ஊசியில் நூல் கோக்கச் சிரமப்படுபவரை, விரல் தேறும்வரை செக்கிங் மேசைக்கு மாற்றலாம். வாய்ப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு வாய் முழுதாகத் திறக்காமல், எச்சில் ஊறாமல் போகலாம். அவருக்கு மேசையருகே ஒரு தண்ணீர் பாட்டிலும், சாப்பிடக் கூடுதலாகக் கால் மணி நேரமும் போதும். குடல் ஆபரேஷன் ஆனவருக்குக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். செக்கப் நாளும், சிலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டிய ஊசியின் நாளும் முன்கூட்டியே தெரிந்தவை. அந்த நாட்களுக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

கூட வேலை செய்பவர்களே! புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. எங்கள் டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். வெளியிலிருந்து மெஷினில் கரண்டு வைத்தவர் உடம்பில் கதிர்வீச்சு தங்குவதில்லை. கர்ப்பிணிகளும் தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம். முடி உதிர்ந்த தலையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லவேண்டாம். எங்களுக்கு வந்த நோயை ஊரெல்லாம் சொல்லவும் வேண்டாம். சொல்வதா இல்லையா என்பது எங்கள் விருப்பம்.

சிகிச்சையில் இருக்கும் தோழர்களே! யார் சொன்னாலும் அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்திருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவித்தொகை உண்டு. இஎஸ்ஐயின் நீண்டகால நோய்களின் பட்டியலில் புற்றுநோயும் இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து, சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால், அதன் பிறகும் 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழியுண்டு. நோய்க்கால உதவித்தொகை வாங்கும் நாட்களில் ஒருவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். பயாப்சி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ சீட்டு எதையும் தொலைக்காமல் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களே! "சம்பாதிச்சது போதும்" என்று நீங்கள் சொல்வது பாசத்தால்தான். ஆனால் வேலை எங்களுக்குச் சம்பளம் மட்டும் தருவதில்லை. பொழுதும் பேச்சும் மரியாதையும் அங்கேதான் இருக்கின்றன. காலைச் சமையலில் ஒரு கை கொடுத்து எங்களை அனுப்பிவையுங்கள்.

தொழிற்சங்கத் தலைவர்களே! அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில், சிகிச்சை முடித்துத் திரும்புபவருக்கு இலகுவான வேலையும் செக்கப் லீவும் தரவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். அரசிடமும் ஒன்று கேட்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் புற்றுநோய் இல்லை. குரல்வளையை எடுத்தவரும் காலை இழந்தவரும் அதற்குள் வரலாம். கை வீங்கியவரும் விரல் மரத்தவரும் வெளியே நிற்கிறார்கள். பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் என்று கண்டறிந்த நாளிலிருந்தே தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டு. இங்கும் அப்படி ஒரு சட்டம் வரவேண்டும்.

புற்றுநோய் வந்தால் சாவுதான் என்று ஊரே நம்பிய காலத்தில், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. டாக்டர் சாந்தா தம் வாழ்நாளையே அங்கு கொடுத்தார். அப்படிப்பட்டவர்களின் உழைப்பால் பிழைத்தவர்களை இன்னும் பழைய பயத்தோடு பார்ப்பது நியாயமா?

உங்கள் கம்பெனியிலோ தெருவிலோ சிகிச்சை முடித்து வீட்டில் இருப்பவர் ஒருவராவது இருப்பார். இந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள். "எப்ப வேலைக்கு வர்றீங்க, உங்களுக்கு என்ன மாத்தி வைக்கணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்பி, அதற்குத் தக்கபடி ஒரு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பியவர்களும், திரும்பக் காத்திருப்பவர்களும்
திருப்பூர்