பெட்டிக்குள் நாலு பேர்

ஒரு வாரப் பிரயாணத்துக்கு எத்தனை உடுப்பு வேண்டும்? இந்தச் சின்னக் கேள்விக்கு நம் வீடுகளில் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ரயிலுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, மாலை வரவேற்புக்கு ஒன்று, மாமா வீட்டுக்குப் போகும்போது ஒன்று, “எதற்கும் இருக்கட்டும்” என்று இரண்டு. இப்படியே கணக்கு வளரும். அந்த ‘எதற்கும் இருக்கட்டும்’ இருக்கிறதே, அதைப் போல் கனமான வஸ்து உலகத்தில் வேறு கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜனவரி மாதத்தில் நாங்கள் குடும்பத்தோடு டில்லிக்குப் போனோம். ஒரு கல்யாணம், ஒரு இலக்கியக் கூட்டம், பிறகு ஆக்ரா. மொத்தம் ஆறு நாள். திரும்பி வந்த மறுநாள் என் மனைவி பெட்டியைப் பிரித்துக் கூடத்தில் துணிகளை அடுக்கினாள். பதினோரு சேலைகள். அவற்றில் நாலு துவைக்கப் போயின. ஏழு சேலைகள் சென்னையில் வைத்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. போக 2,180 கிலோ மீட்டர், வர 2,180 கிலோ மீட்டர் அந்த ஏழு சேலைகளும் பாரத தரிசனம் செய்துவிட்டு வந்திருந்தன!

“இதையெல்லாம் யாருக்காக எடுத்துக்கிட்டுப் போனே?” என்று கேட்டேன்.

“நாலு பேருக்காகத்தான்” என்றாள்.

அந்த நாலு பேரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவர்கள் டிக்கெட் வாங்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்தின் பெட்டிக்குள்ளும் சௌகரியமாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கூடவே வருகிறார்கள்.

ரயில்வேக்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். படுக்கை வசதி வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ, முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் 70 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். விதி சுமக்கும்; தோள் சுமக்க வேண்டாமா? பெட்டிக்குச் சக்கரம் வந்துவிட்டதே என்பீர்கள். சக்கரம் வைத்த பெட்டிக்கு அமெரிக்காவில் 1972-ல் காப்புரிமை கொடுத்தார்கள். சக்கரம் வந்ததும் சுமை குறைந்ததா? பெட்டிதான் பெரிதாயிற்று. ரயிலடியில் நடைமேடை மாறப் படியேற வேண்டிய இடத்தில் அந்தச் சக்கரமும் நம்மைப் போலவே விழிக்கிறது.

இதற்கு மருந்து சொல்கிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்கள் சொல்லும் யோசனை பழையதுதான். 1970-களில் லண்டனில் துணிக்கடை வைத்திருந்த சூசி ஃபோ என்ற அம்மையார், ஒன்றோடு ஒன்று பொருந்துகிற சில உடைகள் இருந்தால் போதும் என்று சொன்னார். 1985-ல் நியூயார்க்கில் டோனா கேரன் என்பவர் ஏழே உருப்படிகளில் ஒரு பெண்ணின் உடைப் பெட்டியை முடித்துக் காட்டினார். யோசனையில் குற்றமே இல்லை. மூன்று மேல் சட்டை, மூன்று கீழாடை, எல்லாம் எல்லாவற்றோடும் சேரும் என்றால் ஒன்பது விதமாக உடுத்தலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல்.

ஆனால் இந்தக் கணக்கைப் பத்திரிகைகளும் கடைக்காரர்களும் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும்போது என்ன ஆகிறது? “கறுப்பு, வெள்ளை, சாம்பல், மணல் நிறம், இந்த நாலு நிறத்தில் வாங்குங்கள்” என்கிறார்கள். அம்மணி, உங்கள் பீரோவில் என்ன இருக்கிறது? அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து நிறம். அத்தனையையும் பூட்டி வைத்துவிட்டு, குறைவாக உடுத்துவதற்காகப் புதிதாகப் பத்து உடை வாங்க வேண்டுமாம்! பட்டினி கிடக்க விருந்து சமைப்பதைப் போல இருக்கிறது. இருப்பதிலேயே கணக்குப் போட முடியாதா? ஓர் அரக்கு ரவிக்கை மூன்று சேலைக்குப் பொருந்தும். கறுப்பு ரவிக்கை இன்னும் இரண்டுக்குப் பொருந்தும். நம் பெண்களுக்கு இது தெரியாததல்ல. இதற்கு லண்டனும் வேண்டாம், நியூயார்க்கும் வேண்டாம்.

இவர்களை விட ஆபத்தான இன்னொரு கட்சி இருக்கிறது. எளிமைக் கட்சி. “எனக்கென்ன சார், ரெண்டு வேஷ்டி, ரெண்டு சட்டை, ஒரு துண்டு. தோளில் பையை மாட்டினால் காசிக்கும் போவேன், கன்னியாகுமரிக்கும் போவேன்” என்று மார் தட்டுகிற ஆண் பிள்ளைகள். இந்தக் கட்சியில் நான் ரொம்ப நாள் உறுப்பினனாக இருந்தேன். கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

அந்த டில்லிப் பயணத்தில்தான் ராஜிநாமா செய்தேன். ரயிலடி மேம்பாலத்தில் என் சின்னப் பையோடு நான் ஜம்மென்று முன்னால் ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். கீழே பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். கையைத் தூக்க முடியவில்லை. ஆக்ரா போனோம், அவள் தாஜ்மகாலைத் தோளில் தைலம் தடவிக்கொண்டு பார்த்தாள். ஊர் திரும்பிய பிறகும் அந்த வலி மூன்று மாதம் போகவில்லை. அதற்கப்புறம், “எங்கேயாவது போகலாமா?” என்று கேட்டால், “நீங்க போயிட்டு வாங்க” என்பதே பதிலாகிவிட்டது.

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? மேலே அவளுடைய பதினோரு சேலைகள். அடியில் என்னுடைய கம்பளிச் சட்டை, சால்வை, கூட்டத்தில் காப்பி சிந்திவிட்டால் மாற்றிக்கொள்ள இன்னொரு வேஷ்டி, என் மருந்துகள், பையனின் பாண்டும் சட்டையும், எல்லோருக்குமான துண்டுகள், கல்யாண வீட்டில் கொடுக்க வேண்டிய சேலை. என் எளிமையின் பாதி எடையை அவள் சுமந்துகொண்டிருந்தாள்! தன் துணியை இன்னொருவர் பெட்டியில் வைத்துவிட்டு ஒருவன் எளிமை பேசுவானானால் அதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் காந்திஜியைத் துணைக்கு அழைத்தார். 1921 செப்டம்பரில் மதுரையில் முழ வேஷ்டிக்கு மாறிய மகான், 1931-ல் அதே கோலத்தில், மேலே ஒரு சால்வையோடு லண்டனில் மன்னரின் அரண்மனைக்கே போகவில்லையா என்று கேட்டார். போனார். அரண்மனைக் கதவும் திறந்தது. அவர் காந்தி. ஆனால் 2014-ல் நம் சென்னையிலேயே வேஷ்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதற்கென்று சட்டசபையில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. நீதிபதிக்கே அந்தக் கதி என்றால் ஒரு குமாஸ்தாவின் மனைவி கல்யாண மண்டபத்து வாசலில் என்ன நினைத்துக்கொண்டு நிற்பாள்? அவள் பெட்டியில் அதிகப்படியாக வைக்கிற பட்டுச் சேலை ஆடம்பரம் அல்ல. அது அவளுக்கு நுழைவுச் சீட்டு. அதைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை யாருக்கும் இல்லை.

ஆணுக்கு இந்தச் சிக்கல் பாதிதான். ஒரே வெள்ளை வேஷ்டியை மூன்று விசேஷத்துக்குக் கட்டினால், “எளிமையான மனிதர்” என்பார்கள். ஒரே சேலையை ஒரு பெண் இரண்டு விசேஷத்துக்குக் கட்டினால், “போன மாதம் பார்த்த சேலைதானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இப்போது கையில் இருக்கும் போனில் படம் வேறு இருக்கிறது, சாட்சிக்கு. ஆகவே பெண்களைப் பார்த்து, “தைரியமாக இரண்டு சேலையோடு போங்கள்” என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. முதலில் கேட்கிற வாய் மூட வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவன் நானும்தான். நீங்களும்தான். யாருடைய உடுப்பையும் இரண்டாம் முறை பார்த்தேன் என்று சொல்வதில்லை என நாம் தீர்மானித்துவிட்டால், நம் வீட்டுப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோ குறையும்.

பிறகு மிச்சமிருப்பது வெறும் சாமர்த்தியம். டில்லியில் ஜனவரி இரவு 7, 8 டிகிரிக்கு இறங்கும். அதற்குப் பெரிய கம்பளிக் கோட்டு ஒன்றை விட, மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு மேல். அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. பகலில் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கனமானதை உடம்பில் போட்டுக்கொண்டு ரயிலேற வேண்டும். அங்கே குளிர்காலத்தில் கெட்டிப் பருத்தி சீக்கிரம் காயாது. மெல்லிய ஈரிழைத் துண்டு ராத்திரிக்குள் காயும். ஆறு நாளுக்கு மூன்று சேலை, இரண்டு ரவிக்கை, விசேஷத்துக்கு ஒரு பட்டு, ஒரு சால்வை போதும். ஆண் பிள்ளைக்கு மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு வேஷ்டி, ஒரு கம்பளிச் சட்டை. உள்ளாடையை ராத்திரி அவரவரே அலசிப் போடலாம், கை தேய்ந்துவிடாது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டே சட்டம். அவரவர் துணியை அவரவரே அடுக்கி, அவரவரே தூக்க வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் அந்தப் பெட்டியோடு மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டும். மூச்சு வாங்கினால் பெட்டியைத் திறந்து, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்ததை எடுத்துவிட வேண்டும்.

முதல் தடவை பரீட்சையில் தோற்றவன் நான். கம்பளிச் சட்டையும் மருந்தும் என் பைக்குள் வந்த பிறகு அது அவ்வளவு சின்னப் பையாக இல்லை. போன மாதம் தஞ்சாவூர் புறப்பட்டபோது என் மனைவி ஒரு சிறிய பெட்டியோடு மாடிப்படி ஏறி இறங்கினாள். மூச்சு வாங்கவில்லை. “அடுத்தாப்பல எங்கே?” என்று அவளே கேட்டாள்.