பத்து மார்க்குக் காரணங்கள்

சென்ற மாசி மாதம் பெரம்பலூரில் என் அக்காள் வீட்டில் நாலு நாள் தங்கியிருந்தேன். விடியற்காலை நாலரை மணிக்கு மாடியிலிருந்து ஒரு குரல் என்னை எழுப்பிவிட்டது. சுப்ரபாதம் அல்ல, சரித்திரம்.

“இரண்டாம் கர்நாடகப் போருக்கான காரணங்கள். ஒன்று, ஆங்கில பிரெஞ்சு வர்த்தகப் போட்டி. இரண்டு, டூப்ளேயின் பேராசை. மூன்று, ஹைதராபாத் வாரிசுச் சண்டை. நாலு, ஆற்காட்டு வாரிசுச் சண்டை. ஐந்து, சந்தா சாகிப்பின் விடுதலை.”

திரும்பவும் ஒன்றிலிருந்து. திரும்பவும் ஐந்து வரை. என் மருமகன் பி.ஏ. சரித்திரம் இரண்டாம் வருஷம் படிக்கிறான். காப்பி குடிக்க இறங்கி வந்தவனிடம் கேட்டேன்: “ஏண்டா, இந்த ஐந்தில் கனமான காரணம் எது?”

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “கனமா? எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு மார்க்குதான் மாமா.”

நேயர்களே, இந்தப் பதிலைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு யுத்தத்தை அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஐந்து காரணம், காரணத்துக்கு இரண்டு மார்க்கு, ஆக மொத்தம் பத்து. மளிகைக் கடைச் சிட்டையிலாவது அரிசி இத்தனை கிலோ, பெருங்காயம் இத்தனை கிராம் என்று எடை போட்டிருக்கும். நம் சரித்திர நோட்ஸில் அதுவும் கிடையாது. அரிசியும் பெருங்காயமும் அங்கே ஒரே நிறை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பையன் மனப்பாடம் செய்துகொண்டிருந்த யுத்தம் அவன் வீட்டு வாசல் வழியாக நடந்த யுத்தம். பெரம்பலூரிலிருந்து சென்னைச் சாலையில் போனால் வாலிகண்டபுரம். அதைத் தாண்டினால் ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் இந்தக் கோட்டைக்கு எதிரே கும்பினிப் படை வந்து நின்றது. தளபதி ஜின்ஜென்ஸ், படையோடு சாப்பாட்டுச் சாமான் கணக்கைப் பார்த்துக்கொண்டு ராபர்ட் கிளைவ் என்ற இளைஞனும் வந்திருந்தான். எதிர்ப்பக்கம் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். நடுவில் கோட்டைக்காரர், எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று பார்த்துக்கொண்டு இரண்டு பேரிடமும் பேசிக்கொண்டிருந்தார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் தாக்கினார்கள். கோட்டைக்காரர் பிரெஞ்சுக்காரரை அழைத்தார். கும்பினியின் வெள்ளைச் சிப்பாய்கள் கலவரப்பட்டு ஓடினார்கள். ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரைக்கும் அந்தப் பின்வாங்கல் போயிற்று.

அன்று சாயங்காலமே மருமகனைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே இரண்டு தடவைதான் வந்திருக்கிறானாம். இரண்டும் போட்டோ எடுத்துக்கொள்ள.

“இந்தக் கோட்டைக்காரர் யுத்தத்துக்குக் காரணமா?” என்று கேட்டேன்.

யோசித்துவிட்டுச் சொன்னான்: “இந்த இடத்தில் சண்டை நடந்ததற்குக் காரணம். யுத்தத்துக்குக் காரணம் இல்லை. இவர் இல்லாவிட்டால் வேறு எங்கேயாவது அடித்துக்கொண்டிருப்பார்கள்.”

இரண்டு வருஷ நோட்ஸ் சொல்லித்தராததை ஒரு மதில்சுவர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டது. ஒரு காரணத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பதுதான் எடை பார்க்கிற முதல் வழி. அந்தத் தராசில் அவனுடைய ஐந்தையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம்.

வர்த்தகப் போட்டி. சரி. ஆனால் 1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது. சென்னைப் பட்டணத்தை ஆங்கிலேயரிடம் 1749-ல் திருப்பிக் கொடுத்தாயிற்று. அதே 1749 ஆகஸ்டில்தான் ஆம்பூரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்படுகிறார். ராஜாக்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது கும்பினிகள் இங்கே ஏன் அடித்துக்கொண்டன? போட்டி பழைய போட்டி. அது மட்டும் யுத்தமாகும் என்றால் முப்பது வருஷம் முன்பே ஆகியிருக்க வேண்டும்.

டூப்ளேயின் பேராசை. இருந்தது. ஆனால் ஆம்பூருக்கு முன்பே, அதே வருஷம், தஞ்சாவூர்ச் சிம்மாசனத்தை இழந்த சாகுஜிக்காக என்று சொல்லிக்கொண்டு ஆங்கிலேயர் கொள்ளிடத்து முகத்துவாரத்தில் தேவிக்கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு சாகுஜியைக் கைவிட்டு, கோட்டையை வைத்துக்கொண்டு, பிரதாபசிங்கரோடு ராஜியும் ஆனார்கள். இது பேராசை இல்லையென்றால் வேறென்ன? ஒருவனுடைய ஆசைக்கு நோட்ஸில் இரண்டு மார்க்கு, இன்னொருவனுடைய ஆசைக்குச் சைபர். அந்தக் கணக்கை முதலில் எழுதியவர்கள் ஜெயித்த கட்சிக்காரர்கள் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

அப்படியானால் 1749-ல் புதிதாக என்ன இருந்தது? என் கட்சி இது: 1746-ல் அடையாற்றங்கரையில் சுமார் ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை, நவாப் மகனுடைய பத்தாயிரம் பேரை விரட்டிவிட்டது. கவாத்துப் பழகிய காலாட்படை எத்தனை பெரிய குதிரைப்படையையும் உடைக்கும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. 1748-ல் சமாதானம் வந்தது. இரண்டு கும்பினிகளின் கையிலும் வேலையில்லாத சிப்பாய்கள். சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகைக்கு விடத் தயாராக ஒரு புது ஆயுதம். இதுதான் கனமான காரணம் என்றேன்.

மருமகன் விடவில்லை. “வாங்குகிறவன் இல்லாமல் விற்கிறவன் என்ன செய்வான் மாமா? நிஜாம் 1748-ல் செத்துப்போகாமல், மகனும் பேரனும் அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்தச் சிப்பாயை யார் கூப்பிட்டிருப்பார்கள்?”

எனக்கு அங்கே பதில் ஓடவில்லை. இப்போதும் முழுதாக ஓடவில்லை. ஆனால் அன்றைக்கு இருட்டும்வரை அவன் பேசின பேச்சுத்தான் சரித்திரப் படிப்பு. விடியற்காலை ஒப்பித்தது வெறும் சத்தம்.

“நீர் கதை எழுதுகிறவர், கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றவர், உமக்கு இதில் என்ன வேலை?” என்று ஒரு பேராசிரியர் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் தொழிலே காரணம்தான் ஐயா. ஒரு குடும்பம் பிரிந்ததற்கு ஐந்து காரணங்களை நம்பர் போட்டு எழுதி அனுப்பினால் எந்தப் பத்திராதிபரும் திருப்பி அனுப்பிவிடுவார். பாகப் பிரிவினை, மாமியார் சொல், மழை பொய்த்தது எல்லாம் இருக்கும். ஆனால் எது வீட்டை உடைத்தது, எது உடைவதற்குச் சாக்காக வந்தது என்று பிரித்துக் காட்டாவிட்டால் அது கதையில்லை. கதாசிரியனிடம் கேட்கிற இந்தக் குறைந்தபட்ச நேர்மையை சரித்திர மாணவனிடம் கேட்கக் கூடாதா?

அரியலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். 1956 நவம்பர் 23-ந் தேதி மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எது காரணம்? வெள்ளம் என்பான் ஒருவன். வெள்ளம் ஆற்றுக்குப் புதிதா, பாலம் ஏன் தாங்கவில்லை என்பான் இன்னொருவன். வெள்ள இரவில் வண்டியை ஏன் விட்டார்கள் என்பான் மூன்றாமவன். மூன்றும் வேறு வேறு கேள்விகள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அவரா பாலத்தை அரித்தார்? இல்லை. பொறுப்பு என்பது காரணம் என்பதிலிருந்து வேறானது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் உலகம் எவ்வளவோ இழந்திருக்கிறது. 1914-ல் சரஜேவோவில் ஒரு மாணவன் சுட்ட குண்டுக்கும், அதே வருஷம் செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியதற்கும் நடுவே எத்தனை காரணங்கள்! 1919-ல் ஜெயித்தவர்கள் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில், நஷ்டஈட்டுக்கு அடிப்படையாக, பொறுப்பு ஜெர்மனியுடையதும் அதன் கூட்டாளிகளுடையதும் என்று எழுதி வாங்கினார்கள். பில் தொகைக்கு ஏற்ற காரணம்! 1961-ல் ஜெர்மானியரான பிஷரே தம் நாட்டின் பங்கு பெரிது என்று எழுதி ஊரைக் கலக்கினார். 2012-ல் கிளார்க் என்பவர் எல்லா வல்லரசுகளுமே தூக்கத்தில் நடந்து போய்க் குழியில் விழுந்தவை என்று எழுதினார். நூறு வருஷமாகப் பண்டிதர்கள் தராசைக் கீழே வைக்கவில்லை. நம் நோட்ஸோ அதையும் ஐந்து வரியில் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது.

வாத்தியார்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமலில்லை. ஒரு மணி நேர வகுப்பு, அறுபது பையன்கள், திருத்த மலையாய் விடைத்தாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு அந்த ஐந்து வரிதான் சோறு போடுகிறது என்பதும் உண்மை. அதனால் நோட்ஸைக் கொளுத்து என்று நான் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் மாற்றுங்கள் என்கிறேன். “காரணங்களை எழுதுக” என்பதோடு, “இவற்றில் ஒன்றைப் பெரிதென்று நாட்டுக, அதை எதிர்ப்பவர் என்ன சொல்வார் என்றும் எழுதுக” என்று சேருங்கள். எந்தக் காரணத்தைச் சொன்னான் என்று பார்க்க வேண்டாம், எப்படி நாட்டினான் என்று பார்த்து மார்க்குப் போடுங்கள். டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் நாலு பக்கம், கும்பினி ஊழியரான ஓர்ம் எழுதிய சரித்திரத்தில் நாலு பக்கம், பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். யார் சோற்றை யார் தின்றுகொண்டு எழுதினார்கள் என்று பையனே கண்டுபிடிப்பான்.

இது மார்க்கு விஷயம் மட்டும் அல்ல. காரணத்தை எடை போடத் தெரியாதவனிடம் நாளைக்கு ஒருவன் மேடையேறி, “எல்லாவற்றுக்கும் அவன்தான் காரணம்” என்று பக்கத்து நாட்டையோ பக்கத்துத் தெருவையோ காட்டினால், அவன் அதை ஆறாவது பாயிண்டாக எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

கடைசியில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் அல்ல. பரீட்சையில் அதே கேள்வி வந்தது. மருமகன் கோட்டையில் பேசியதை எழுதினான். பத்துக்கு நாலு மார்க்கு. என் அக்காள் டெலிபோனில், “உன் பேச்சைக் கேட்டுத்தான் பிள்ளை கெட்டான்” என்றாள். நான் விடைத்தாள் திருத்தியவரைத் திட்டினேன்.

பையன் போனை வாங்கினான். “இரண்டு பேரும் சும்மா இருங்கள் மாமா. வாரிசுச் சண்டையைப் பற்றியே மூன்று பக்கம் எழுதிவிட்டேன். மற்றதற்கு நேரம் போதவில்லை. அதுதான் பெரிய காரணம். நீங்கள் இரண்டாவது.”

திருத்தியவருக்கு எத்தனையாவது இடம் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.