பழைய மடிக்கணினியும் இருநூறு கிலோ நெல்லும்

படுவான்கரையில் வேளாண்மை செய்யும் என் மைத்துனர், முன்மாரி அறுவடை முடிந்த கையோடு என்னைத் தேடி வந்தார். மகள் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், முகாமைத்துவம் படிக்கப்போகிறாள், அவளுக்கு ஒரு மடிக்கணினி வேண்டும். புதியது வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை. மட்டக்களப்பு நகரில் பழைய கணினிகள் விற்கும் கடையொன்றில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான் வந்து பார்த்துச் சொன்னால் முற்பணம் கட்டிவிடலாம் என்றார். பத்திரிகைத் துறையில் நாற்பது வருடம் காலந்தள்ளியவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றொரு நம்பிக்கை எங்கள் உறவினர்களிடம் இன்னும் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனம் வருவதில்லை.

"மச்சான், அது ஐ செவனாம். நல்ல சாமான் எண்டு சொல்றாங்க" என்றார் மைத்துனர்.

இந்த 'ஐ செவன்' என்ற சொல்தான் இன்று பழைய கணினிச் சந்தையில் அதிகம் பேரை ஏமாற்றுகிறது என்பது எனது கருத்து. விற்பவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. பல வேளைகளில் அவருக்கே தெரிவதில்லை.

எங்கள் காலத்தில் பழைய கணினியைப் பற்றிக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது: ஓடுகிறதா, இல்லையா? பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவை வைத்துக்கொண்டு பக்கம் கட்டிய தலைமுறை நாங்கள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதன் பின்னர் எத்தனையோ வருடங்கள் அதே மென்பொருளில், அதே கணினிகளில் செய்திப் பக்கங்கள் வெளிவந்தன. யாரும் அவற்றின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவை இணையத்தோடு இணைக்கப்படவில்லை; இணைத்தாலும் திருடுவதற்கு அவற்றில் மரண அறிவித்தல்களைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. இன்று நிலைமை அப்படியில்லை. மாணவியின் மடிக்கணினியிலிருந்து வங்கிக் கணக்கைத் திறக்கிறார்கள். அடையாள அட்டையின் படத்தை அனுப்புகிறார்கள். பல்கலைக்கழகத்தின் கடவுச்சொல்லும் அதில்தான் இருக்கிறது. ஓடுகிறதா என்ற கேள்வியோடு, அதைக் காப்பதற்கு யாராவது இன்னமும் இருக்கிறார்களா என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிந்துகொண்டால் 2026 ஒக்ரோபர் 13 வரை நீட்டிப்பு என்று அறிவித்தது. மறுபுறம், 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. இன்டெல் செயலி என்றால், மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றில் அந்தச் சில்லும் இருக்கிறது, வேகமும் போதுமாக இருக்கிறது. ஆனாலும் வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒழுங்காக ஓடுகின்ற இயந்திரங்களை ஓர் அறிவித்தலால் வயோதிபராக்கிவிட்டார்கள். ஆனால் நியாயம் கேட்டுக்கொண்டிருக்க மைத்துனரிடம் நேரம் இல்லை, பல்கலைக்கழகம் தொடங்கப்போகிறது.

வெளிநாடுகளில் நிறுவனங்கள் மூன்று நான்கு வருடங்கள் பாவித்துவிட்டு மொத்தமாகக் கழிக்கும் மடிக்கணினிகளே எங்கள் கடைகளுக்கு வருகின்றன. டெல் லாட்டிடியூட், எச்.பி. எலைட்புக், லெனோவா திங்பேட் என்பன அவற்றில் முக்கியமானவை. இவை நல்ல சாமான்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடைகளில் புதிதாக மலிவு விலைக்குக் கிடைக்கும் பிளாஸ்ரிக் உடல் கொண்ட கணினியை விட, ஏழெட்டு வருடம் பழகிய ஒரு திங்பேட்டின் விசைப்பலகையும் பிணைச்சல்களும் உறுதியானவை. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இப்போது மலிவாகக் கிடைப்பதற்கு அந்த ஒக்ரோபர் 14தான் பிரதான காரணம் என்று நினைக்கிறேன். அங்கு கழிக்கப்பட்டதன் காரணம், இங்கு விலைச் சீட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை.

நானும் ஒரு முறை தவறியவன்தான். 2021இல், பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழி வகுப்புகள் நடந்த காலத்தில், கல்லடியில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு மலிவான பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கும்படி சொன்னேன். திரை பளிச்சென்று இருந்தது, அதைத்தான் பார்த்தேன். எட்டு மாதம்கூட ஆகவில்லை, மின்னேற்றும் துளை வேலை செய்யாமல் போயிற்று. திருத்துபவர் பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டியபோது செப்புத் தடங்களில் பச்சை படிந்திருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. அந்த உப்புக் காற்று சைக்கிள் கம்பியையே தின்னும்போது கணினிச் சுற்றுப் பலகையை விட்டுவைக்குமா? அது இங்கு வந்த பிறகு பிடித்ததா, வரும்போதே இருந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கச் சொன்னது எனது பிழை. அந்தப் பிள்ளை பிறகு கைத்தொலைபேசியிலேயே சாதாரண தரப் பாடங்களை முடித்தாள் என்பதை நான் மறக்கவில்லை.

ஆகவே இம்முறை கடைக்குப் போகும்போது சிறிய திருப்புளி ஒன்றையும் கொண்டுபோனேன். மைத்துனரும் மகளும் மண்முனைப் பாலத்தால் வந்து சேர்ந்தார்கள். 2014இல் அந்தப் பாலம் திறக்கப்படும் வரை அவ்விடத்தில் வாவியைப் 'பாதை'யில்தான் கடக்க வேண்டும். அந்தப் பாதைக்குக் காத்திருந்து பரீட்சையைத் தவறவிட்ட பிள்ளைகளின் கதைகளை ஒரு காலத்தில் நான் எழுதியிருக்கிறேன்.

அவர்கள் பார்த்து வைத்தது டெல் லாட்டிடியூட் 7480. செயலி ஐ7-7600யூ. இந்த வகைச் செயலிகளில் கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை. இங்கே அது ஏழு. ஐ7 என்ற பெயரில் இருப்பது இரண்டு கருக்கள். அடுத்த தலைமுறையின் ஐ5-8250யூவில் நான்கு கருக்கள் இருக்கின்றன. ஒரு தலைமுறை பிந்திய 'சின்ன' செயலி, முந்தைய 'பெரிய' செயலியை விடக் கூடுதலாக வேலை செய்கிறது. விண்டோஸ் 11உம் அதை ஏற்கிறது. இதை விளங்கப்படுத்தியபோது மைத்துனர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பெரிய நம்பருக்குத்தான் காசு கேக்கிறாங்க" என்றார். சரியாகச் சொன்னார்.

கடைக்காரத் தம்பி மரியாதையானவர். எட்டாம் தலைமுறைக் கணினியும் இருக்கிறது ஐயா என்று ஒரு திங்பேட் டி480ஐ எடுத்து வந்தார். விலை 24,000 ரூபாய் அதிகம். நான் பெயரைக் கண்டதும் திருப்தியடைந்துவிட்டேன். டி480 என்பது 2018இல் வந்தது. எட்டாம் தலைமுறையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மைத்துனரின் மகள் இதற்குள் கணினியைத் திறந்து அதன் விபரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதுலயும் ஏழெண்டுதானே காட்டுது?"

ஐ5-7300யூ. அதே டி480 இரண்டு தலைமுறைச் செயலிகளோடும் விற்கப்பட்டிருக்கிறது. மேலே ஒட்டியிருந்த கடதாசியில் எட்டு என்று இருந்தது, உள்ளே ஏழு. தம்பிக்கும் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். உள்ளே போய்த் தேடி, ஐ5-8350யூ உள்ள இன்னொன்றைக் கொண்டுவந்தார். கணினியின் பெயரை நம்பாதீர்கள், திறந்து பாருங்கள் என்று இனி நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு அந்தப் பிள்ளைதான் காரணம்.

அடுத்தது பற்றரி. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நிலை மாறிவிட்டது. என்றாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் முழு நாடும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்குகளை நம்பிப் பட்டப்படிப்புக் கட்டுரை எழுத முடியாது. விண்டோஸில் பற்றரி அறிக்கை எடுக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. புதிதாக இருந்தபோதைய கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் அது பக்கத்தில் பக்கத்தில் காட்டும். பாதிக்குக் கீழே இருந்தால் புதிய பற்றரியின் விலையையும் கணினியின் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். டி480இல் இரண்டு பற்றரிகள்: ஒன்று உள்ளே, மற்றது பின்னால் கழற்றி மாட்டக்கூடியது. உள்ளே இருக்கும் பற்றரியில் மின் இருந்தால், கணினியை நிறுத்தாமலேயே வெளிப் பற்றரியை மாற்றலாம். வாவிக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கு இது செயலியின் வேகத்தை விடப் பெரிய வரம் என்பேன். நாங்கள் பார்த்ததில் உள்பற்றரி நன்றாக இருந்தது, வெளிப்பற்றரி தளர்ந்திருந்தது. அதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

பின்மூடியைக் கழற்றினோம். பச்சை இல்லை, விசிறியில் தூசி மட்டும். நினைவகம் எட்டு ஜி.பி. ஒரே தகட்டில் இருந்தது. பக்கத்துத் துளை வெறுமையாக இருந்தது. மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு ஒட்டவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. 2025 இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் அவற்றின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே இப்போது கூட்டாமல், விலை இறங்கும்போது கூட்டிக்கொள்ளத் துளை இருப்பதே போதும். தொடக்கத் திரையில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் கேட்கிறதா என்றும், விண்டோஸை மீள நிறுவி இணையத்தோடு இணைத்ததும் யாரோ ஒரு கம்பனியின் மின்னஞ்சலைக் கேட்கிறதா என்றும் பார்த்தோம். அப்படிக் கேட்டால் எவ்வளவு மலிவானாலும் அந்தக் கணினியைத் தொடக்கூடாது.

ஏழாம் தலைமுறை ஒன்றுக்கும் உதவாதா என்று கேட்பீர்கள். உதவும். லினக்ஸ் போட்டால் தாராளமாக ஓடும். உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. ரெங்கநாதன் விசைப்பலகைக்குப் பழகிய விரல்களுக்கும் அங்கே தமிழ் எழுதத் தடையில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதும் கணினியே அத்தகைய கிழடுதான். எழுதவும் வாசிக்கவும் மட்டும் கணினி தேவைப்படும் ஒருவர், பக்கத்தில் விளக்கமான ஓர் ஆள் இருந்தால், அந்த லாட்டிடியூட்டை வாங்கி நிம்மதியாக இருக்கலாம். ஆனால் மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸை லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. ஓட்டோகாட் போன்றவையும் அப்படியே. விரிவுரையாளர் எக்செல் கோப்பைக் கேட்கும்போது, முதல் வருடத்து மாணவி லினக்ஸின் பெருமையைப் பற்றி அவரோடு வாதாடிக்கொண்டிருக்க முடியாது. ஏழாம் தலைமுறையிலேயே விண்டோஸ் 11ஐ வளைத்துப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. அப்படிப் போட்டால் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என மைக்ரோசொஃப்ட்டே சொல்லியிருக்கிறது. அதற்குப் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் நண்பர்களுக்கு இங்கு ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வரும்போது உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினியை மருமகளுக்கென்று கொண்டுவருகிறீர்கள். மனம் நல்ல மனம்தான். ஆனால் புறப்படுவதற்கு முன் அந்த இலக்கத்தை ஒரு முறை பாருங்கள். பற்றரி அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். உங்களுக்கு உதவாது என்று ஒதுக்கிய காரணம் கல்முனைக்கும் வாழைச்சேனைக்கும் வந்ததும் மாறிவிடுவதில்லை. இங்கே அதைத் திருத்தச் செலவழிக்கும் பணம் அந்தப் பிள்ளையின் தகப்பனுடையது.

கடைசியில் பணக் கணக்குக்கு வந்தோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த கொள்வனவு விலை கிலோவுக்கு 120 ரூபாய். அந்த விலையில் பார்த்தால், லாட்டிடியூட்டுக்கும் திங்பேட்டுக்கும் இடையிலுள்ள 24,000 ரூபாய் என்பது இருநூறு கிலோ நெல். வயல்வாசலில் வியாபாரி கொடுக்கும் விலையில் பார்த்தால் இன்னும் அதிகம். இருநூறு கிலோ நெல்லை ஓர் இலக்கத்துக்காகக் கொடு என்று சொல்வது எனக்கு இலகுவாக இருக்கவில்லை. மலிவானதை வாங்கி இரண்டாம் வருடத்தில் இன்னொன்று வாங்க நேர்ந்தால் அறுநூறு கிலோவுக்கு மேல் போய்விடும் என்று சொன்னேன். மைத்துனர் மகளைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. திங்பேட்டின் விசைகளை மெதுவாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணத்தை எண்ணிக் கொடுத்தார். குறைத்த காசில் பற்றரிக்கென்று கொஞ்சத்தை மகளிடம் கொடுத்து வைத்தார். வெளியே வரும்போது வானம் இருண்டிருந்தது.

"மச்சான், இது மழை தாங்குமா?"

தாங்காது என்றேன். கடைக்குள் திரும்பிப் போய்த் தடித்த பொலித்தீன் பை ஒன்று வாங்கி வந்தார். மோட்டார் சைக்கிளில் மகள் அதை மடியில் வைத்துக்கொள்ள, மண்முனைப் பக்கம் புறப்பட்டார்கள்.