வார்த்தைக்கும் சிநேகிதர் உண்டு

தாயார் ஊரில் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூரதேசத்திலுள்ள பிள்ளைக்கு டாக்டர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்: "உங்கள் பெயரைச் சொன்னோம், அம்மாவின் முகத்தில் ஒரு 'ஃப்ளிக்கர்' தெரிந்தது." பிள்ளை ஆனந்தக் கூத்தாடலாமா? கூடாது. டிக்கெட் வாங்க ஓடலாமா? ஓடத்தான் வேண்டும்! 'ஃப்ளாஷ்' என்று எழுதியிருந்தால் சேதியே வேறு.

இரண்டும் கண நேர வெளிச்சந்தான். ஆனால் 'ஃப்ளாஷ்' என்பது மின்னல். ஒரே வெட்டு, எல்லாம் பளிச்சென்று தெரியும், மறுகணம் இருட்டு. ஆகையால்தான் ஆங்கிலத்தில் கோபமும் திடீர் யோசனையும் 'ஃப்ளாஷ்' ஆக வருகின்றன. 'ஃப்ளிக்கர்' காற்றில் அகப்பட்ட அகல் விளக்கு. எரிகிறதா, அணைந்துவிட்டதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. லேசான சந்தேகம், அரைப் புன்னகை, ஆளை அடையாளம் கண்டுகொண்டது போன்ற ஒரு குறி, இவையெல்லாம் அதன் கோஷ்டி. 'நாட் எ ஃப்ளிக்கர்' என்றால் முகத்தில் சலனமே இல்லை என்று அர்த்தம்.

'க்ளிம்மர்' தொலைவில் மங்கலாகத் தெரியும் விளக்கு. மங்கல்தான், ஆனாலும் நடந்தால் போய்ச் சேரலாம். எனவே நம்பிக்கைக்கு அது ஏற்ற துணை: 'க்ளிம்மர் ஆஃப் ஹோப்'. கண்ணில் குறும்பு சிரித்தால் 'ட்விங்கிள்'. அதே கண்ணில் கத்தி முனைபோல் ஏதோ மின்னினால் 'க்ளின்ட்'. அப்போது சற்றுத் தள்ளி நிற்பது நல்லது!

'ஃப்ளாஷ் ஆஃப் ஹோப்' என்று எழுதினால் இலக்கணம் கோபித்துக்கொள்ளாது. காதுதான் முகம் சுளிக்கும். மழை கொட்டுகிறது, வெயில் கொளுத்துகிறது என்கிறோம். மாற்றிச் சொன்னால் நம் வீட்டுக் குழந்தையும் சிரிக்கும் அல்லவா? ஒரு சொல்லின் அர்த்தத்தில் ஒரு பங்கு, அது எந்தச் சொல்லோடு சேர்ந்து பழகுகிறது என்பதில் இருக்கிறதென்று வற்புறுத்தியவர் லண்டன் பேராசிரியர் ஜே. ஆர். ஃபர்த் (1890–1960). இந்தச் சேர்க்கைக்கு மொழியியலில் 'காலொகேஷன்' என்ற பெயரை நிலைநாட்டியவரும் அவரே. 1920-களில் லாகூரில் ஆங்கிலம் போதித்தவர். தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் 1934-ல் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சுவாரசியம்: பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ளிக்கர்' பறவை சிறகடிப்பதைத்தான் குறித்தது. சிறகிலிருந்து சுடருக்கு வந்து, சுடரிலிருந்து மனசுக்குத் தாவிவிட்டது. நமக்கும் சிறகு படபடக்கிறது, நெஞ்சும் படபடக்கிறது. மனிதர் மனம் எங்கும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

ஆகவே, ஆங்கிலம் பழகும் வாசகர்கள் இந்த வார்த்தைகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம். கதை படிக்கும்போது எது எதனோடு ஜோடி சேர்ந்து வருகிறது என்று கவனித்து, ஜோடியாகவே நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத உட்காரும்போது பேனா தயங்காது.