மோனே சரி, தோபின்யி எங்கே?

இம்ப்ரெஷனிசம்னு வாயைத் திறந்தாலே மோனே புராணம்தான். காது புளிச்சுப் போச்சு. ஐயா, அவருக்கு வழி போட்ட தோபின்யி (1817-1878) பேரை ஒருத்தராவது சொல்றீங்களா?

1851-ல அவர் வரைஞ்ச 'அறுவடை' பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்கு. ஆளெல்லாம் சின்னச் சின்னதா, வயலும் வானமும்தான் ஹீரோ. 1857-ல படகையே ஸ்டூடியோவாக்கி ஆத்துல சுத்தினவர். மோனேவோட படகு ஸ்டூடியோ அதுக்கு ரொம்பப் பிறகு! இவர் வேலை அரைகுறைன்னு விமர்சகர்கள் கரிச்சுக் கொட்டினாங்க. அதையே மோனே செஞ்சா இன்னிக்கு மேதைமையாம். 1870-ல சலோன் நடுவர் குழு மோனே படத்தை நிராகரிச்சப்போ, குழுவை விட்டே வெளியேறினார் மனுஷன். (மாட்யூல் எழுதறவன் ஒருத்தன், டெமோல கைதட்டு வாங்கறவன் இன்னொருத்தன். நம்ம ஆபீஸ் கதைதான்.)

1890-ல ஓவேருக்குப் போன வான்கோ, தோபின்யி வீட்டுத் தோட்டத்தைத் தேடிப் போய் வரைஞ்சார். அவருக்காவது தெரிஞ்சிருந்தது.