வரிசையில் நின்றவர்கள் பங்காளிகள் ஆன கதை



2021-ல் புதுக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். இன்ஜின் தயார், சீட் தயார், பெயின்ட்கூட அடித்தாயிற்று. சிப் மட்டும் வரவில்லை என்று உலகம் முழுக்க கார் தொழிற்சாலைகள் கையைப் பிசைந்த வருடம் அது. கையில் காசோடு வரிசையில் நின்றவர்களில் சிலர், விற்கிறவரோடு கூட்டுச் சேர்ந்துவிடுவதே மேல் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஜப்பானின் கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்தில், கிகுயோ என்றொரு சிற்றூர். கேரட்டுக்குப் பேர்போன ஊர். சிப் தயாரிக்கும் தைவானின் டிஎஸ்எம்சி அங்கே தொழிற்சாலை கட்ட முன்வந்தபோது முதலில் சோனி கைகோத்தது. பிறகு கார் பாகங்கள் செய்யும் டென்சோ. கடைசியாக 2024-ல் டொயோட்டா. கூட்டுக் கம்பெனிக்குப் பெயர் ஜாஸ்ம். டிஎஸ்எம்சிக்குச் சுமார் 86.5 சதவீதம், சோனிக்கு 6, டென்சோவுக்கு 5.5, டொயோட்டாவுக்கு வெறும் 2 என்று பங்குக் கணக்கு அறிவிக்கப்பட்டது. அந்த இரண்டு சதவீதத்தில் வரும் லாபத்தை நம்பியா டொயோட்டா பணம் போட்டது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த தட்டுப்பாட்டின்போது வெளியே நிற்காமல் உள்ளே உட்கார ஒரு நாற்காலி வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆலையில் தயாராவது 12 முதல் 28 நானோமீட்டர் ரகச் சிப். புத்தம்புது போன்களின் மூளையாக இருக்கிற ரகம் இல்லை. ஆனால் காருக்கும் கேமரா சென்சாருக்கும் வேண்டியது இதுதான். சோனியின் சென்சார் ஆலையும் அதே ஊரில்தான் இருக்கிறது. ராப்பகலாக வேலை நடந்து, ஏறத்தாழ இருபதே மாதத்தில் கட்டடம் எழுந்தது. 2024 பிப்ரவரியில் திறப்பு விழா, அந்த வருடக் கடைசியில் உற்பத்தி. ஜப்பான் அரசு ஒதுக்கிய மானியம் 47,600 கோடி யென் வரை. பங்குக் கணக்கில் வராத பெரிய பங்காளி வரி கட்டுகிற ஜப்பானியர் என்று சொன்னால் தப்பில்லை.

இதையெல்லாம்விட என்னைப் பிடித்து நிறுத்தியது தண்ணீர்தான். சிப் தயாரிப்பில் பல கட்டங்களில் அலசல் உண்டு. அதற்கு அப்பழுக்கில்லாத நீர் வேண்டும். ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் குமமோட்டோ நகரமோ குடிநீருக்கு முழுக்க நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. ஆலையும் ஊரும் ஒரே ஊற்றில் கை வைத்தால் என்ன ஆகும்?

அதற்கு அந்த ஊர் விவசாயிகளிடம் ஒரு வழி இருக்கிறது. அங்கே இருப்பது ஆசோ எரிமலையின் மண். சல்லடை மாதிரி நீரை உள்ளே இறக்கும். பயிர் இல்லாத மாதங்களில் வயலுக்கு ஷிராகவா ஆற்று நீரைத் திருப்பித் தேக்கி வைக்கிறார்கள். அது உள்ளே இறங்கி நிலத்தடி நீராகிறது. தண்ணீர் நிறுத்தும் விவசாயிக்குப் பணமும் உண்டு. சோனி இதற்குக் கைகொடுக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜாஸ்மும் அதே வழிக்கு வந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஆலை வந்ததும் சுற்றுவட்டாரத்தில் நிலத்தின் விலை எகிறிவிட்டது. வயல்கள் வீடுகளாகவும் கிடங்குகளாகவும் மாறுகின்றன. குறைகிற ஒவ்வொரு வயலோடும் தண்ணீர் இறங்குகிற இடமும் குறைகிறது. அந்த வயல்காரர்களுக்கும் கம்பெனியில் ஒரு இரண்டு சதவீதம் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்