தடுமாறும் நினைவும் சான்றுதான்

"வயதானவர்கள் சொல்வது கதை, ஏட்டில் இருப்பதுதான் வரலாறு." பதிவு செய்த வாய்மொழிப் பேட்டிகளை வகுப்பில் பாடமாக வைக்கலாம் என்று சொன்னால், முதலில் வரும் மறுப்பு இதுதான். நினைவு தப்பும், ஆண்டு குழம்பும், ஆளைப் பார்த்துப் பேச்சு மாறும், இதில் மாணவர் எதைக் கற்பார் என்று கேட்கிறார்கள். இந்தக் குறைகள் அத்தனையும் உண்மை. அவற்றைக் காட்டிப் பேட்டியை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதுதான் பெரும் பிழை.

1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், முன்பு அடிமைகளாக இருந்த 2,300-க்கும் மேற்பட்டோரின் வாய்மொழியைத் திரட்டியது. அவர்களில் ஒருவர் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து மூதாட்டி சூசன் ஹாம்லின். திட்டத்தின் சார்பில் வெள்ளையினப் பெண் ஒருவர் போய்க் கேட்டார். அவரை அரசு உதவி அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று நினைத்த மூதாட்டி, தன் எஜமானர் நல்லவர் என்றார். கறுப்பினத்தவரான அகஸ்டஸ் லாட்சன் எழுதிய பேட்டியிலோ அதே மூதாட்டி, பெண்களைக் கட்டித் தொங்கவிட்டு அடித்ததையும், பெற்றவரும் உடன்பிறந்தாரும் திடீரென்று விற்கப்பட்டபோது எழுந்த கதறலையும் சொல்கிறார்.

இந்த இரண்டு பேட்டிகளையும் ஒன்பதாம் வகுப்பின் முன் வைத்துப் பாருங்கள். கேட்டவர் யார்? மூதாட்டி எதை இழக்க அஞ்சினார்? எழுதியவர் தம் பங்குக்கு எதையாவது கூட்டினாரா, குறைத்தாரா? வரலாற்றாய்வாளர் கேட்கும் கேள்விகள் பிள்ளைகளின் வாயில் தாமாக வரும். இப்படிப் பழகிய மாணவர், மனிதர்களை விலை போட்டு எழுதிவைத்த பண்ணைக் கணக்கேட்டையும் அதே கண்ணோடு பார்ப்பார். ஏடும் ஒருவர் தம் தேவைக்காக எழுதியதுதான். அதை ஐயப்படாமல் மனப்பாடம் செய்யவைப்பதையே இதுவரை பாடம் என்று நடத்திவருகிறோம்.

"ஆண்டையே தப்பாகச் சொல்பவரை எப்படி நம்புவது?" இதற்கு இத்தாலியின் தெர்னி நகரம் பதில் சொல்கிறது. 1949 மார்ச் 17 அன்று, நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்து நடந்த போராட்டத்தில், லூயிஜி த்ராஸ்துல்லி என்ற 21 வயது எஃகாலைத் தொழிலாளி போலீஸாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி பேட்டி எடுத்தபோது, பலர் அந்தச் சாவை 1953-இல், ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தோடு சேர்த்துச் சொன்னார்கள். போர்த்தெல்லி அவர்களைத் திருத்திவிட்டு நகரவில்லை. ஏன் இத்தனை பேர் ஒரேமாதிரி தவறுகிறார்கள் என்று ஆராய்ந்தார். வேலை பறிபோனதுதான் அந்த ஊருக்கு விழுந்த பேரடி. தோழனின் சாவுக்குப் பொருள் தேடிய நினைவு, அதை அந்த அடியோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. சாவு நடந்த நாளை ஆவணம் சொல்கிறது. அந்தச் சாவு ஊராருக்கு என்னவாக இருந்தது என்பதைத் தவறான ஆண்டு சொல்கிறது. மாணவருக்கு இரண்டும் வேண்டும்.

பேட்டிக் காணொளியை ஓடவிட்டுப் பிள்ளைகளைக் கண்கலங்க வைத்தால் பாடம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. கேட்டவர் யார், எப்போது, எங்கே என்ற விவரம் பேட்டியோடு வரவேண்டும். இரண்டு நிமிடத் துண்டு போதாது. கேள்வியும் தயக்கமும் சேர்ந்த பகுதி வேண்டும். பக்கத்தில் ஓர் ஆவணமும், முரண்படும் இன்னொரு குரலும் இருக்கவேண்டும்.

தவறு இருக்கிறது என்று சொல்லிப் பேட்டியை ஒதுக்கும் பள்ளி, தவறைக் கண்டறியும் பயிற்சியையே மாணவரிடமிருந்து பறிக்கிறது. சாட்சியை எடைபோடத் தெரியாமல் வெளியேறும் பிள்ளை, நாளைக்கு உரக்கச் சொல்பவரை நம்பும். அதற்கான பொறுப்பு நம்முடையது.